சோமாலியாவில் ட்ரோனை விட்டால் வேறு என்ன வழி?

2 ஆகஸ்ட் 2022. வாசகர் ஒருவர் கேட்டது:

"காபூலில் ஞாயிறு காலை பால்கனியில் நின்ற அல் கொய்தா தலைவன் ஜவாஹிரியை மட்டும் அமெரிக்க ட்ரோனால் அடித்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்குக் கீறல்கூட இல்லையாம். 20 வருடம் படை வைத்துச் சாதிக்காததை இரண்டு ஏவுகணை சாதித்துவிட்டது. அரசாங்கமே இல்லாத சோமாலியா மாதிரி இடங்களுக்கு இதை விட்டால் வேறு என்ன வழி? மனித உரிமை பேசுகிறவர்கள் முதலில் ஒரு மாற்று வழியைச் சொல்லிவிட்டு அப்புறம் பேசட்டும்."

3 ஆகஸ்ட்

அந்த ஆள் செத்ததற்கு நானும் வருத்தப்படவில்லை. ஆனால் அதே காபூலில் போன வருடம் ஆகஸ்ட் 29 அன்று நடந்ததையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலா, அதில் ஏற்றிய பிளாஸ்டிக் கேன்கள். மேலிருந்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு அது வெடிமருந்தாகத் தெரிந்தது. இருந்தது வீட்டுக்குக் கொண்டுபோன தண்ணீர். செத்தவர்கள் 10 பேர், அதில் 7 குழந்தைகள். நியாயமான தாக்குதல் என்று அமெரிக்க முப்படைத் தளபதியே சொன்னார். தவறு என்று ஒப்புக்கொள்ள 19 நாள் ஆனது.

அதற்காக நான் ட்ரோனே கூடாது என்கிற கட்சி இல்லை. நான் கப்பல்காரன், ஊர் தூத்துக்குடி. 2009க்கும் 2013க்கும் நடுவில் சோமாலியக் கொள்ளையர் உலவிய ஏடன் வளைகுடாவைப் பதினொரு தடவை தாண்டியிருக்கிறேன். 2012 ஏப்ரலில் செங்கடலின் தென்முனையில் மூன்று படகுகள் எங்கள் கப்பலைப் பார்த்துப் பாய்ந்து வந்தன. அந்த நேரத்துக் கண்காணிப்பு வேலை (வாட்ச்) என்னுடையது. கொள்ளையர் கப்பலேற வைத்திருக்கும் ஏணி பைனாகுலரில் தெரிந்தது, கத்தினேன். காவலுக்கு ஏறியிருந்தவர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். அவ்வளவுதான், வந்த வேகத்தில் திரும்பி ஓடிவிட்டார்கள். ஒரு தோட்டா செலவில்லை. சில இடங்களில் ஆயுதம் கண்ணில் பட்டாலே போதும், வேறு பேச்சு வேண்டாம். பேப்பரில் படித்து இதைச் சொல்லவில்லை.

3 ஆகஸ்ட், இரவு

"அரசாங்கமே இல்லாத" என்று கேட்டவர் எழுதியதை நான் அப்படியே விட்டுவிட்டேன், தப்பு. 2012லிருந்து மொகடிஷுவில் ஒரு கூட்டாட்சி அரசு இருக்கிறது. மே 15 அன்று ஹசன் ஷேக் மொஹமூத் இரண்டாம் தடவை அதிபரானார். மறுநாளே 500 பேர் வரை அமெரிக்கப் படையை மறுபடி சோமாலியாவுக்கு அனுப்ப பைடன் ஒப்புதல் கொடுத்த செய்தி வந்தது. டிரம்ப் போகிற போக்கில் 700 பேரை வெளியே எடுத்திருந்தார். அந்த அரசின் கை தலைநகரத்தைத் தாண்டினால் எவ்வளவு தூரம் நீளும் என்பது வேறு கதை. ஆனால் ட்ரோன் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, வேண்டும் என்கிறார்கள். இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது என்று எனக்கே தெரியவில்லை.

6 ஆகஸ்ட்

"எல்லாம் வெளிநாட்டுக்காரன் போனதால் வந்த வினை" என்று ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவ்வளவு சுலபமில்லை.

1991 ஜனவரியில் அதிபர் சியாத் பாரே தலைநகரை விட்டு ஓடினார். அடுத்த வருடமே பஞ்சம், லட்சக்கணக்கில் சாவு. துறைமுகத்தில் இறங்கிய உணவு மூட்டையைத் துப்பாக்கி வைத்திருந்தவன் வாரிக்கொண்டு போனான். 1992 டிசம்பரில் அமெரிக்கப் படை இறங்கியது அந்த மூட்டைகளுக்குக் காவலாகத்தான், அது உயிர்களைக் காப்பாற்றியது. அப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடியவர் யார்? நம் ராணுவமும் போயிருக்கிறது: 1993-94ல் இந்தியத் தரைப்படையின் ஒரு பிரிகேட் பைடோவா பக்கம் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்தது 1993 அக்டோபர் 3. இரண்டு ஹெலிகாப்டர் விழுந்தது, 18 அமெரிக்க வீரர்கள் செத்தது, உடலைத் தெருவில் இழுத்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால் நடந்ததை யாரும் பேசுவதில்லை. ஜூலை 12, மொகடிஷுவில் ஒரு வீடு. ஐதீத் என்ற ஆயுதக்குழுத் தலைவரின் குலத்துப் பெரியவர்கள் மாடியில் கூடியிருந்தார்கள். ஐ.நா. பெயரில் போன அமெரிக்க ஹெலிகாப்டர்கள் அந்த வீட்டை ஏவுகணையால் அடித்தன. அது தாக்குதலுக்குத் திட்டம் போட்ட இடம் என்றது ஐ.நா. சமாதானத்துக்கு வழி பேசத்தான் கூடினோம் என்றார்கள் உயிர் பிழைத்தவர்கள். செத்தவர்கள் 20 என்றது ஐ.நா., 54 என்றது செஞ்சிலுவைச் சங்கம். படம் எடுக்கப் போன நான்கு வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களைக் கூட்டம் அங்கேயே அடித்துக் கொன்றது. அதுவரை ஐதீத்தைப் பிடிக்காதவர்கள்கூட அன்றோடு அவர் பக்கம் போனார்கள். சோறு போட வந்தவன் என்ற பெயர் ஒரே காலையில் போயிற்று.

அதே 1993ல், வடக்கே போரமா என்ற ஊரில், இன்னொரு பெரியவர்கள் கூட்டம். ஜனவரியில் உட்கார்ந்தார்கள், மே கடைசியில்தான் எழுந்தார்கள். நான்கு மாதம்! ஒட்டகம், ரத்த ஈடு, கிணறு, யாருக்கு எந்த மந்திரி பதவி, எல்லாவற்றையும் பேசித் தீர்த்து ஓர் அரசை உண்டாக்கிவிட்டு எழுந்தார்கள். அதுதான் இன்றைய சோமாலிலாந்து. சொந்தப் பணம், தேர்தல், போலீஸ் எல்லாம் உண்டு. இந்த 2022 வரை அங்கீகரிக்கத்தான் ஆள் இல்லை. அந்தக் கூட்டத்தை மேலிருந்து எவனும் பார்க்காதது அவர்கள் அதிர்ஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. 2006 ஜூனில் இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு மொகடிஷுவைப் பிடித்தது. கடுமையான ஆட்கள்தான், ஆனால் சாலைத் தடுப்புகள் போய் ஊர் ஓய்ந்தது என்கிறார்கள் அங்கிருந்தவர்கள். டிசம்பரில் எத்தியோப்பியா படை நுழைந்தது, அமெரிக்காவின் ஆசியோடு. கூட்டமைப்பு சிதறியது. அதில் ஓர் ஓரமாக இருந்த முரட்டு இளைஞர் கும்பல்தான் பாக்கி. இன்று ட்ரோன் தேடும் அல் ஷபாப் அதுதான்.

7 ஆகஸ்ட்

"தோற்ற அரசு" என்று நான் ஓரிடத்தில் எழுதியதை ஒரு தமிழாசிரியர் பிடித்துக்கொண்டார். தோல்வியா, தோற்றமா? ஐயா, மொகடிஷு விஷயத்தில் இரண்டுமே பொருந்துகிறது, விட்டுவிடுங்கள்.

11 ஆகஸ்ட்

கடற்கொள்ளை பற்றி நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன்.

2011ல் சோமாலியக் கொள்ளையர் கணக்கில் 237 தாக்குதல், 2012ல் 75, 2013ல் 15. இப்படி விழுந்ததற்கு ஆளாளுக்குக் காரணம் சொல்வார்கள். ஐரோப்பியக் கடற்படை என்பார் ஒருவர், கப்பலில் ஏறிய தனியார் காவலர்கள் என்பார் இன்னொருவர். முள்கம்பி என்று எங்கள் போசன் (மேல்தள ஆட்களின் தலைவர்) சொல்வார், சுற்றிக் கட்டிக் கை கிழிந்தவர் அவர்தான். கொள்ளைக்கு முன்கதையும் உண்டு. கரையைக் காக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் உலகத்து இழுவைப் படகெல்லாம் வந்து அந்தக் கடலை வழித்துக்கொண்டு போயின. முதலில் ஆயுதத்தோடு படகேறியவர்கள் தங்களைக் கடலோரக் காவல்படை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம் அது நல்ல லாபமுள்ள தொழிலாகிவிட்டது. மீனவன் என்பதற்காக அவர்களைப் புனிதர்களாக்க வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு மாதம் பிணையாக இருந்து வந்தவர்.

ஆனால் கடலிலும் ஆள் மாறி அடித்த கதைகள் உண்டு. 2008 நவம்பர் 18, நம் ஐஎன்எஸ் தபார் கொள்ளையரின் தாய்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது என்று கொண்டாடினோம். நான் அப்போது கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன், ஹாஸ்டலில் கைதட்டினோம். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது: அது அன்று காலையில் கடத்தப்பட்ட தாய்லாந்து முதலாளியின் மீன்பிடிக் கப்பல். தொழிலாளர்கள் உள்ளே இருந்தார்கள். கடலில் பல நாள் மிதந்து ஒரே ஒருவர் பிழைத்தார். கொள்ளையர்தான் முதலில் சுட்டார்கள், தற்காப்புக்குத் திருப்பிச் சுட்டோம் என்றது கடற்படை. மேல்தளத்தில் ஆயுதத்தோடு கொள்ளையர் நின்றதும் உண்மை. கீழே ஆள் இருந்ததும் உண்மை.

கொஞ்சம் சிரிக்க: 2010லிருந்து "அபாயப் பகுதி" என்று கப்பல் கம்பெனிகள் வரைந்த கோடு கிழக்கே 78 பாகை வரை வந்தது. வரைபடத்தில் பாருங்கள், கன்னியாகுமரி உள்ளே, தூத்துக்குடி ஒரு முடி அளவு வெளியே. கன்னியாகுமரிக் கடலில் பல தலைமுறையாகச் சூரை பிடிப்பவனைச் சோமாலிக் கொள்ளையர் உலவும் பகுதியில் நிற்கிறான் என்று வரைபடம் சொன்னது. சிரிப்பு அத்தோடு சரி. 2012 பிப்ரவரி 15, கேரளக் கரைக்கு அப்பால் இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவல் வீரர்கள் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். செத்த இருவரில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

11 ஆகஸ்ட், இரவு

ஏணி எப்படி இருந்தது, கொக்கி இருந்ததா, எத்தனை படி என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சொல்கிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை.

15 ஆகஸ்ட்

நாலு நாளாக இதை எழுதி எழுதி அழித்தேன். விடுமுறை நாள், வீட்டில் யாரும் இல்லை, எழுதிவிடுகிறேன்.

முதல் குறிப்பில் "ஒரு தோட்டா செலவில்லை" என்று எழுதினேன். பொய். ஏழு தோட்டா.

காலிக் கப்பல். கருங்கடலுக்குக் கோதுமை ஏற்றப் போய்க்கொண்டிருந்தோம். செங்கடல் வாசலான பாப் எல் மண்டெப் தாண்டியாகிவிட்டது, காலை ஒன்பதே முக்கால், வெயில் கண்ணைக் கூசியது. நான் அப்போது தேர்டு மேட், கப்பலின் மூன்றாம் நிலை அதிகாரி. இலங்கையின் காலி (Galle) துறைமுகத்தில் வைத்து நான்கு காவலர்கள் ஏறியிருந்தார்கள். கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் பைனாகுலர் வைக்கும் பெட்டிக்கு மேலே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும், எல்லாக் கப்பலிலும் அப்போது இருந்தது: வெள்ளைப் படகு, ஆறு பேர், படகின் நடுவில் ஓர் ஏணி. ஏணி இருந்தால் கொள்ளையன். மீன் பிடிக்க எவனும் ஏணி கொண்டுபோவதில்லை அல்லவா? அதை ஒரு மாதமாகத் தினமும் பார்த்திருக்கிறேன்.

இடப்பக்கம் முன்னாலிருந்து மூன்று படகு. வேகம் அதிகம், நேரே எங்கள் முன்மூக்கைப் பார்த்து வருகின்றன. நடுப்படகில் ஒருவன் எழுந்து நின்று நீளமாக எதையோ தூக்கிப் பிடித்தான். நான் "லேடர், லேடர்" என்று கத்தினேன். கேப்டன் அலாரம் அடித்தார். மற்றவர்கள் கீழே பூட்டிக்கொள்ளும் அறைக்கு ஓடினார்கள். காவலர்கள் துப்பாக்கியைக் காட்டினார்கள், படகு நிற்கவில்லை. ஒளிவெடி விட்டார்கள், நிற்கவில்லை. பிறகு தண்ணீரில் சுட்டார்கள். ஏழு தடவை எண்ணினேன். படகுக்கு முன்னால் வெள்ளையாகத் தண்ணீர் எழும்பியது. அப்போது நின்றார்கள். நின்றவன் கையில் இருந்ததை ஆட்டிக்கொண்டே இருந்தான். பக்கவாட்டில் கடக்கும்போது தெளிவாகத் தெரிந்தது. மூங்கில் கம்பு, நுனியில் கறுப்புத் துணி. வலை கிடக்கும் இடத்தில் நட்டு வைக்கிற போயாக் கொடி.

என் அப்பா வள்ளத்தில் போனவர். அந்தக் கொடிக்குத் துணி கிழித்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். எனக்கு அது ஏணியாகத் தெரிந்தது.

கப்பல் வலையின் மேல் ஏறிப் போய்விட்டது. கேப்டன் லாக் (கப்பல் நாட்குறிப்பு) எழுதச் சொன்னார். "ஏணியுடன் மூன்று படகுகள் நெருங்கின, எச்சரிக்கைக்குப் பின் விலகின" என்று எழுதினேன். கொடி என்று எழுதவில்லை. காவலர் தலைவனும் பார்த்திருந்தான், அவனும் எழுதவில்லை. துபாயில் இருக்கும் அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று. மற்றக் கப்பல்களுக்கு எச்சரிக்கை போயிற்று. அந்த மாதம் அந்த வழியே வந்தவர்கள் என் ஏணியைப் படித்துவிட்டு, மூன்று படகு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று விரலைத் தயாராக வைத்திருப்பார்கள். இன்னொன்று: காலிக் கப்பலின் சுவர் அவ்வளவு உயரம், அந்தப் படகில் வரும் எந்த ஏணியும் எட்டாது. அது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

சூயஸ் நங்கூரத்தில் கப்பலின் முன்மூக்கில் பச்சை நைலான் வலை தொங்கிக்கொண்டிருந்தது. மிதப்புக்குத் தண்ணீர் பாட்டிலும், ரப்பர் செருப்பைத் துண்டாக வெட்டிக் கோத்ததும். எங்கள் பக்கமும் அப்படித்தான் செய்வார்கள்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னேன். ஜூலையில். அந்த மாதம் 16ஆம் தேதிதான் துபாய் ஜெபல் அலி பக்கம் அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. எச்சரித்தோம், கேட்காமல் நெருங்கினார்கள் என்றது கடற்படை. எந்த எச்சரிக்கையும் இல்லை என்றார்கள் பிழைத்தவர்கள். செத்தவர் ராமநாதபுரத்துக்காரர். டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "எலே, அவனுக்கு எத்தனை பாகம் வலை போச்சு?" தெரியாது என்றேன். "வலைக்கு யாரு காசு குடுத்தா?"

16 ஆகஸ்ட்

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் எனக்கு ஆறுதல் தேவையில்லை. யாரும் சாகவில்லை, வலைதான் போயிற்று. திட்டியவர் ஒருவர், "இதைத்தான் 3ஆம் தேதி வீரக்கதையாக எழுதினீர்களா" என்றார். ஆமாம். பத்து வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில்கூட.

17 ஆகஸ்ட்

"கடலில் பயந்துபோய்ச் சுடுவதும், நெவாடாவில் ஏசி அறையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்து அடிப்பதும் ஒன்றா?" என்ற கேள்வி நல்ல கேள்வி. ஒன்றில்லை. எனக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது, அவர்களுக்கு மணிக்கணக்கு. எனக்கு உயிர்ப்பயம், அவர்களுக்கு அது இல்லை. அப்படியிருந்தும் தண்ணீர் கேன் வெடிமருந்தானது எப்படி? போஸ்டர் அங்கேயும் இருந்திருக்கிறது. வெள்ளை கொரோலா வரும் என்று உளவுத் தகவல் வந்தது, வெள்ளை கொரோலா வந்தது. அப்புறம் அதில் ஏற்றியதெல்லாம் குண்டுதான். 2011 மார்ச்சில் பாகிஸ்தானின் தத்தா கேலில் ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கக் கூடிய ஊர்ப் பஞ்சாயத்தை அடித்தார்கள், 40 பேர் அளவில் செத்தார்கள். மேலிருந்து பார்த்தால், ஆயுதம் வைத்திருக்கும் ஊரில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு மாதிரிதான் தெரியும் போலிருக்கிறது.

சோமாலியாவுக்கே வருவோம். 2018 ஏப்ரல் 1, எல் புர் அருகே ஒரு வண்டியை அடித்தார்கள். அமெரிக்காவின் ஆப்பிரிக்கப் படைத் தலைமையகம் அறிக்கை விட்டது: பயங்கரவாதிகள் 5 பேர் பலி, பொதுமக்கள் யாரும் இல்லை. ஒரு வருடம் கழித்து, 2019 ஏப்ரலில், அதே தலைமையகம்: செத்தவர்களில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் உண்டு. சோமாலியாவில் பொதுமக்களைக் கொன்றதாக அவர்கள் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. குடும்பத்துக்கு ஈடு எதுவும் போகவில்லை.

2016 ஜூலையில் ஒபாமா அரசு வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. போர்க்களம் அல்லாத நாடுகளில் ஏழு வருடத்தில் 473 தாக்குதல், செத்த பொதுமக்கள் 64லிருந்து 116 வரை. வெளியே எண்ணியவர்களின் கணக்கு இதைவிடப் பல மடங்கு, அது இருக்கட்டும். 64க்கும் 116க்கும் நடுவில் 52 பேர். அவர்கள் யார் என்று அடித்தவருக்கே தெரியவில்லை, ஆனால் அடித்தாயிற்று.

இத்தாலியக் கப்பல் விவகாரத்தையும் இதோடு வையுங்கள். ஒன்பது வருடம் வழக்கு நடந்தது. பன்னாட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 10 கோடி ரூபாய் கட்டவைத்து, போன வருடம் ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் கோப்பை மூடியது. போதுமா என்பது வேறு விஷயம். கேட்க ஒரு அரசு இருந்தது, கோர்ட் இருந்தது, தேர்தலுக்குப் பயந்த கட்சிகள் இருந்தன. எல் புர் பெண்ணின் வீட்டார் எந்த வாசலில் போய் நிற்பார்கள்? அரசு தோற்றுவிட்டது என்று காரணம் சொல்லித்தான் உள்ளே நுழைகிறோம். தப்பு செய்தால் கேட்க நாதியில்லை என்ற வசதியும் அதே காரணத்தில்தான் கிடைக்கிறது. ட்ரோனைப் பற்றி எனக்கு இருக்கும் புகார் இவ்வளவுதான், இயந்திரத்தைப் பற்றி இல்லை.

22 ஆகஸ்ட்

சரி, இப்போது என் வாயை நானே அடைக்க வேண்டியிருக்கிறது. மொகடிஷுவில் ஹயாத் ஹோட்டல். வெள்ளிக்கிழமை மாலை அல் ஷபாப் ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள், ஞாயிறுதான் முடிந்தது. 21 பேர் செத்திருக்கிறார்கள் என்கிறார் சுகாதார அமைச்சர். 2017 அக்டோபர் 14 அன்று ஒரே லாரிக் குண்டில் 580 பேருக்கு மேல் செத்த ஊர் இது. அந்த லாரியை வழியிலேயே மேலிருந்து ஒருவன் அடித்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? கைதட்டியிருப்பேன், ஹாஸ்டலில் தட்டின மாதிரி.

ஆனால் தலைவனை அடித்தால் தீர்ந்துவிடும் என்று முதல் கேள்வியில் இருக்கிறதே, அது தீரவில்லை. 2014 செப்டம்பர் 1 அன்று அல் ஷபாபின் தலைவர் கோதானேயை அடித்தார்கள், குறி தப்பவில்லை. ஏழு மாதம் கழித்துக் கென்யாவின் கரிஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர்.

30 ஆகஸ்ட்

ஜிபூட்டியில் கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்யும் சோமாலிக்காரர் ஒருவர் பழக்கம். அங்கே அமெரிக்கத் தளம் விமான நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அப்போது, 2011ல், நீள இறக்கை வைத்த சாம்பல் நிற விமானம் மெதுவாக எழும்பிப் போவதைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்துக்கொண்டே வெங்காய மூட்டை எண்ணுவோம். அவர் மேலே பார்க்க மாட்டார். பழகிவிட்டது என்பார்.

அவரிடம் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். அவர் பேசியது ட்ரோனைப் பற்றி இல்லை, ரசீதைப் பற்றி. அவர் மச்சான் லாரி ஓட்டுகிறார். அரசு ஆட்களின் தடுப்பு பல இருக்கும், ஒவ்வொன்றிலும் காசு. அல் ஷபாப் தடுப்பில் ஒரே தடவைதான். ரசீது கொடுப்பார்கள், அதைக் காட்டினால் அடுத்த தடுப்பில் கேட்க மாட்டார்கள். நிலத்தகராறு என்றால் மொகடிஷுவில் குடியிருப்பவர்களே ஊருக்கு வெளியே அவர்களுடைய நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், தீர்ப்பு சீக்கிரம் வரும், லஞ்சம் இல்லை. மீறினால் கொன்றுவிடுவான் என்பதால் தீர்ப்பை எவனும் மீறுவதில்லை. அவருக்கு அவர்கள்மேல் அன்பு ஒன்றும் இல்லை, அவர் தம்பியைக் கொன்றவர்கள் அவர்கள்தான். "ரசீது புத்தகத்தை எந்த ஏவுகணையால் அடிப்பார்கள்?" என்று கேட்டார்.

9 செப்டம்பர்

ஒரு திருத்தம், ஒரு சந்தோஷச் செய்தி.

17ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு, வெளியாள் கை வைத்தாலே கெடுதல் என்று நான் முடிவுகட்டிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். சோமாலியாவின் ஹிரான் பகுதியில் நடப்பதைப் பாருங்கள். மழை தொடர்ந்து பொய்த்து ஆடு மாடு சாகிற நேரத்தில் அல் ஷபாப் வரி கேட்டது, பிள்ளைகளைக் கேட்டது, கிணறுகளைத் தகர்த்தது. ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்பிவிட்டார்கள். ஊர் ஊராகத் திருப்பிப் பிடிக்கிறார்கள், ராணுவம் பின்னாலேயே போகிறது. அவர்களுக்குப் பெயர் மஆவிஸ்லே. மஆவிஸ் என்றால் நம் கைலிதான், அதே கட்டம் போட்ட கைலி. கைலிக்காரர்கள்! சீருடை வாங்கக் காசில்லாதவர்களுக்கு வைத்த பெயர், இப்போது மரியாதையாகிவிட்டது.

இவர்களுக்கு மேலே ட்ரோனும் பறக்கிறது. ஆகஸ்ட் 14 அன்று ஹிரானில் அடித்ததில் அல் ஷபாப் ஆட்கள் 13 பேர் செத்ததாக அமெரிக்கா சொன்னது. துருக்கி ட்ரோனும் இருக்கிறது. இங்கே நான் குறை சொல்ல மாட்டேன். எதிரே நிற்பவன் யார், யார் வீட்டுப் பிள்ளை என்று கீழே நிற்கும் கைலிக்காரனுக்குத் தெரியும். மேலே இருப்பவன் அவன் சொல்லைக் கேட்டு அடிக்கிறான் என்றால் அது வேறு வேலை. அப்படித்தான் எப்போதும் நடக்கும் என்றும் சொல்ல மாட்டேன். பக்கத்துக் குலத்தோடு இருக்கிற பழைய பகையைக் கைலிக்காரன் ட்ரோனை வைத்துத் தீர்த்துக்கொள்ள எவ்வளவு நாளாகும்? போரமாவில் அதைப் பேசித் தீர்க்க நான்கு மாதம் பிடித்தது.

4 அக்டோபர்

ஷபாப் நிறுவனர்களில் ஒருவரை 1ஆம் தேதி ஹரம்கா அருகே அடித்துவிட்டதாகச் சோமாலிய அரசு சொல்கிறது. தலைக்கு 30 லட்சம் டாலர் விலை வைத்திருந்த ஆள். முதல் கேள்வி கேட்டவர் "பார்த்தீர்களா" என்று எழுதியிருக்கிறார். பார்த்தேன்.

31 அக்டோபர்

சனிக்கிழமை மொகடிஷுவில் இரண்டு கார் குண்டு, ஸோபே சந்திப்பு. 100 பேருக்குக் குறையாமல் செத்திருக்கிறார்கள். 2017ல் வெடித்த அதே சந்திப்பு. ஜிபூட்டி நண்பருக்குப் போன் அடித்தேன், அவர் வீட்டார் பத்திரம். அதற்கு மேல் பேச அவருக்கும் விருப்பமில்லை, எனக்கும் இல்லை.

6 நவம்பர்

மாற்று வழியைச் சொல்லிவிட்டுப் பேசு என்று கேட்டவருக்கு: என்னிடம் இல்லை அண்ணாச்சி. மூன்று மாதமாக எழுதியும் வரவில்லை.

வரும் வாரம் கப்பல் ஏறுகிறேன், இப்போது செகண்ட் மேட். வழி சூயஸ்தான். ஜனவரி 1 முதல் இந்தியப் பெருங்கடலின் அபாயப் பகுதிக் கோட்டையே வரைபடத்திலிருந்து எடுத்துவிடுகிறார்களாம். ஆனால் போஸ்டரை யாரும் கிழித்திருக்க மாட்டார்கள், கப்பலில் ஒட்டினது ஒட்டினதுதான். நேற்று தருவைகுளம் போய் வலைப் போயாக் கொடியைப் படம் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று, ஒருவன் கையில் தூக்கிப் பிடித்தது ஒன்று. தூக்கிப் பிடித்தவர் எங்கள் அப்பா. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "துணி கறுப்பா இருந்தாத்தான் தூரத்துல தெரியும், அதையும் எழுதிப் போடு" என்றார்.